கே. ஜி. சுப்பிரமணியனின் ஓவிய உலகில் தொன்மமும் நாட்டார் மரபும் வெகுமக்கள் பண்பாடும்

முன்னுரை

இந்தியக் கலை வரலாறு பற்றிய நமது பாட வகுப்பில் ஓர் ஓவியத்தைத் திரையிட்டுக் காட்டி, அது எவ்வகையைச் சார்ந்தது என மாணவர்களை வினவுவது வழக்கம். அவ்வோவியத்தில் பல கைகளையுடைய பெண்ணொருத்தி அமர்ந்திருக்கின்றாள். அவளருகே ஒரு பூனை. பலகணிக்கு வெளியே ஒரு குரங்கின் முகம். நிறங்கள் கடைத்தெருப் பொம்மைகளின் நிறங்களை ஒத்தவை. மாணவர்களுள் ஒரு சாரார் இது துர்க்கையின் வடிவம் என்பர். மற்றொரு சாரார் நாட்டார் ஓவியம் என்பர். திரைப்பட விளம்பரத் தட்டி போல இருக்கின்றது என்று சிலர் தயங்கியவாறே கூறுவர். மூன்று விடைகளுக்கும் அந்த ஓவியத்தில் சான்று உண்டு. எனினும் எந்த ஒரு விடையும் முழு ஓவியத்தையும் விளக்கிவிடுவதில்லை. அந்நிலையில் மாணவர்கள், “அப்படியாயின் இது எல்லாம் கலந்த கலவை” என்னும் முடிவிற்கு வருகின்றனர்.

“கலவை” என்னும் இச்சொல் சரியானதுதானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. நாம் காட்டும் ஓவியம் கல்பாத்தி கணபதி சுப்பிரமணியன் (1924–2016) தீட்டியது. அவருடைய நூற்றாண்டினையொட்டி, 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொல்கத்தாவில் எமாமி கலைக்கூடம் ஒரு பெருங்கண்காட்சியை நடத்தியது. கலை விமர்சகர் நான்சி அடஜானியா அதனைத் தொகுத்தமைத்தார். சுப்பிரமணியனை மீண்டும் எழுதிப் பார்த்தல் என்னும் பொருள்படும் தலைப்பினைக் கொண்ட அக்கண்காட்சியில், ஏறத்தாழ எழுபதாண்டுக் காலப் படைப்புகளுள் 200க்கும் மேற்பட்டவை இடம்பெற்றன. பின்புறமிருந்து தீட்டப்பெற்ற ஓவியங்களுடன், கையால் செய்த பொம்மைகளும் சிறுவர் நூல்களுக்கான மாதிரிப் படிகளும் சீனப் பயணத்தின்போது வரைந்த அஞ்சலட்டை அளவுக் கோட்டோவியங்களும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டன.

பொம்மையும் பெரிய ஓவியமும் ஒரே தகுதியுடன் அடுத்தடுத்து நிற்கும் இவ்வமைப்பு, சுப்பிரமணியனின் கருத்துலகிற்குப் பொருத்தமானதாகும். தொன்மம், நாட்டார் மரபு, வெகுமக்கள் பண்பாடு ஆகிய மூன்றும் முதலில் தனித்தனியே இருந்து பின்னர் ஓர் ஓவியரின் கையில் கலந்தன என்று கருதுவதைவிட, ஒன்றாக வழங்கிய ஒரு காட்சிமொழியை நவீனக் கல்வி மூன்றாகப் பிரித்தது என்றும், அப்பிரிவினையை ஏற்க மறுத்தவர் சுப்பிரமணியன் என்றும் கொள்வதே வரலாற்றிற்கு இயைந்தது என்பது நமது கருத்து. அம்மொழியை முழுமையாகக் கையாண்டமையால்தான் போர், அதிகாரம், மதக்கலவரம் ஆகியவற்றைப் பற்றி அவரால் பேச முடிந்தது என்பதையும் இங்கே நிறுவ முற்படுகின்றோம்.

பிரிவினையின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில், காளிகட்டம் காளி கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பட்டுவாக்கள் எனப்படும் ஓவியர்கள் வாழ்ந்தனர். ஆலைகளில் உற்பத்தியான மலிவான தாளில் நீர்வண்ணம் கொண்டு விரைவாகத் தீட்டி, கோயிலுக்கு வரும் பயணிகளுக்குச் சில காசுகளுக்கு விற்றனர். காளியும் சிவனும் அனுமனும் கண்ணனும் அவர்களுடைய பாடுபொருள்கள். அதே தூரிகையால் நகரத்துப் பகட்டு மனிதனையும், அவனைக் காலால் மிதிக்கும் பெண்ணையும் அவர்கள் தீட்டினர். நெற்றியில் சமயக் குறி இட்டுக்கொண்டு வாயில் மீனைக் கவ்வி நிற்கும் பூனை, போலிச் சமயவாதிகளைப் பற்றிய எள்ளலாகும். 1873ஆம் ஆண்டு தாரகேசுவரத்தில் கோயில் மடத்தலைவர் ஒருவரைத் தொடர்புபடுத்தி எழுந்த கொலை வழக்கு வங்காளத்தையே உலுக்கியபோது, அவ்வழக்கின் காட்சிகளும் படங்களாக விற்பனைக்கு வந்தன. தெய்வத்தை வரைந்த கைக்கு அன்றாடச் செய்தியை வரைவதில் எவ்விதத் தடையும் இருக்கவில்லை. வாங்கியவர்களும் இரண்டையும் ஒரே கடையில் வாங்கிச் சென்றனர்.

இக்காலத்திலேயே மற்றொரு போக்கும் தொடங்கியிருந்தது. சென்னையில் 1850ஆம் ஆண்டிலும், அதனைத் தொடர்ந்து கல்கத்தாவிலும் பம்பாயிலும் கலைப் பள்ளிகள் தோன்றின. “நுண்கலை” ஒருபுறமும் “தொழிற்கலை” மறுபுறமும் என்னும் பாகுபாடு பாடத்திட்டத்தின் வழியாக நிலைபெற்றது. கோயிற் சிற்பங்கள் தொல்லியலாருக்குரியனவாயின. கிராமத்துத் தெய்வ உருவங்கள் இனவரைவியலாருக்குரியனவாயின. கடைத்தெருப் படங்கள் எவருக்கும் உரியன அல்லவாயின. இரவிவர்மா 1894ஆம் ஆண்டு பம்பாயில் கல்லச்சுக் கூடம் நிறுவித் தம் தெய்வப் படங்களைப் பல்லாயிரக்கணக்கில் அச்சிட்டுப் பரப்பினார். அச்சுப் படங்களின் பெருக்கம் காளிகட்ட ஓவியர்களின் பிழைப்பைப் படிப்படியாக அழித்தது. பிற்காலக் கலை விமர்சகர்களோ அந்த அச்சுப் படங்களையும் “நாட்காட்டிக் கலை” என்று இகழ்ந்து ஒதுக்கினர்.

தமிழகத்திலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரைச்சீலைகள் தீட்டியவர். பின்னர் அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியாக நாட்காட்டிகளாயின. அவற்றில் முருகனுக்குப் பின்னே விரியும் மாளிகையும் சோலையும் நாடக மேடையின் திரைகளை நினைவூட்டுவன. கடல் கடந்து வாழும் தமிழர் இல்லங்களின் பூசையறைகளை அலங்கரித்தவையும் இத்தகைய படங்களே. நாடகம், அச்சுத்தொழில், பக்தி ஆகிய மூன்றும் ஒரு படத்தினுள் குடிகொண்டிருந்தமை எவருக்கும் முரணாகத் தோன்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஓவியரின் உருவாக்கம்

சுப்பிரமணியன் 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சார்ந்த கூத்துப்பறம்பில், தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர் பெயரின் முன்னே நிற்கும் கல்பாத்தி, பாலக்காட்டுத் தமிழ் அக்கிரகாரங்களுள் ஒன்றாகும். இளமையின் ஒரு பகுதி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மாகியில் கழிந்தது. வட மலபார், தெய்யம் ஆடப்பெறும் நிலம். முகத்தில் வண்ணந்தீட்டி, பெருமுடி தரித்து, மனிதன் தெய்வமாகிக் குறி சொல்லும் அச்சடங்கு நிகழும் மண்ணில் பிறந்தவர், தெய்வத்தையும் அயலாரையும் ஒரே உருவத்தில் காண்பதற்கு அரிய கோட்பாடு எதனையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பயின்றது பொருளியல். காந்தியத்தில் ஈடுபாடு கொண்டு, 1942ஆம் ஆண்டின் “வெள்ளையனே வெளியேறு” போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். அதன் விளைவாக அரசுக் கல்லூரிகளில் கல்வியைத் தொடரும் வாய்ப்பை இழந்தார். 1944ஆம் ஆண்டு சாந்திநிகேதனின் கலா பவனத்தை அடைந்தார். நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகிய மூவரும் அங்கே அவருக்கு ஆசிரியர்களாயினர்.

இம்மூவருள் நந்தலாலின் பங்கு இங்கே சிறப்பாகக் கருதத்தக்கது. 1938ஆம் ஆண்டு குஜராத்தின் ஹரிபுராவில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டிற்காக, காந்தியின் வேண்டுகோளின்படி, நந்தலால் 80க்கும் மேற்பட்ட தட்டி ஓவியங்களை உருவாக்கினார். உழவர், தச்சர், மத்தளம் அடிப்போர், தையல் தொழிலாளர் முதலியோரை நாட்டார் ஓவியங்களின் தடித்த கோட்டிலும் தட்டையான நிறத்திலும் தீட்டி, வழிப்போக்கர் காணும்படி மாநாட்டுப் பந்தலில் வைத்தார். அவருடைய மாணவரான பினோத் பிஹாரி 1946–47ஆம் ஆண்டுகளில் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலப் பக்தியடியார்களின் வாழ்வைச் சுவரோவியமாகத் தீட்டியபோது, அவருக்கு உதவிய மாணவர்களுள் சுப்பிரமணியனும் ஒருவர். கூடத்திற்குள் அடைபடாத, பொதுவிடத்தில் நின்று பேசும் ஓவியம் என்னும் எண்ணம் அவருக்கு இவ்வாறு கைவழியே கிட்டியது எனலாம்.

கைவினை வழியே கற்றவை

1951ஆம் ஆண்டு பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்த சுப்பிரமணியன், 1955–56இல் இலண்டனின் ஸ்லேட் கலைப் பள்ளியில் பயின்றார். மேலைநாட்டு நவீன ஓவியத்தை நேரிற் கண்டு திரும்பியவர், 1959 முதல் 1961 வரை அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துறைத் துணை இயக்குநராகப் பணியாற்றினார். ஓர் ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பில் இதனை இடையில் நேர்ந்த அலுவலகப் பணியாகக் கருதிக் கடந்து செல்வது எளிது. ஆனால் அவருடைய பிற்காலக் கலைக்கு இதுவே அடித்தளம் அமைத்தது.

நெசவாளர் பணியில் ஓர் உண்மை உண்டு. ஊடும் பாவும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவ்வெண்ணிக்கைக்குள் அடங்கும் வடிவங்களே துணியில் தோன்றும். அன்னமும் யாளியும் கோயிற் கோபுரமும் மாங்காயும் அந்த எண்ணிக்கைக்குள் வந்தவுடன், அவற்றுள் எது புராணத்திலிருந்து வந்தது, எது தோட்டத்திலிருந்து வந்தது என்னும் வேறுபாடு மறைந்து, யாவும் ஒரே இலக்கணத்தின் சொற்களாகிவிடுகின்றன. பொருளின் தன்மையும் கருவியின் தன்மையும் சேர்ந்து ஒரு மொழியை உருவாக்குகின்றன. அம்மொழியில் புதியதைச் சொல்லவும் முடியும். சுப்பிரமணியனின் கலைக்கொள்கையின் சாரம் இதுவே என்பது நமது வாசிப்பு. மரபு என்பது வாழும் ஒன்று எனவும், கலை–கைவினை என்னும் மேல்–கீழ் அடுக்கு செயற்கையானது எனவும் அவர் தம் கட்டுரைகளில் தொடர்ந்து வாதிட்டு வந்தார்.

பரோடாவில் நுண்கலைப் புலத்து ஆசிரியர்களும் மாணவர்களும் நடத்திய கலைச் சந்தைகளுக்காக, மரம், மணி, தோல், கயிறு முதலியவற்றைக் கொண்டு அவர் பொம்மைகள் செய்தார். 1963ஆம் ஆண்டு லக்னோவில் ரவீந்திராலயா கட்டடத்தின் முகப்பில், தாகூரின் “ராஜா” நாடகத்தைத் தழுவிய சுவர்ச் சிற்பம் ஒன்றை ஆயிரக்கணக்கான சுடுமண் துண்டுகளால் அமைத்தார். இருட்டறையில் மட்டுமே தோன்றும் அரசனைப் பற்றிய கதை, சாலையில் செல்வோர் கண்முன்னே, குயவரின் மண்ணில் விரிந்தது. தமக்குப் பின்வந்த பலரும் நாட்டார் கலையின் வடிவங்களை மட்டும் எடுத்தாண்டபோது, இவர் அதன் செய்முறையை எடுத்துக்கொண்டார் என்பது நாம் கருத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடாகும்.

கண்ணாடிக்குப் பின்னால்

1970களின் இறுதியில் சுப்பிரமணியன் கண்ணாடி ஓவியத்திற்குத் திரும்பினார். தமிழ் வாசகர்களுக்கு இது அறிமுகமான கலையே. பதினெட்டாம் நூற்றாண்டில் சீன வணிகத்தின் வழியாக இந்தியாவிற்குள் நுழைந்த இக்கலை, குஜராத், சதாரா, மைசூர், தஞ்சை முதலிய இடங்களில் வேரூன்றியது. தஞ்சையில் தவழும் கண்ணனும் இராமர் பட்டாபிடேகமும் பொற்றகடு பின்னணியில் மின்ன, கண்ணாடியில் தீட்டப்பட்டன. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் அவற்றை இன்றும் காணலாம். நம் நாட்டில் பினாங்கு, மலாக்கா ஆகிய இடங்களின் பெரானாக்கான் இல்லங்களிலும் இக்கலையின் மற்றொரு கிளை வளர்ந்தது.

இதன் செய்முறை தனித்தன்மை வாய்ந்தது. கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி, முன்புறத்திலிருந்து காண்பர். ஆகவே சாதாரண ஓவியத்தின் வரிசை இங்கே தலைகீழாகின்றது. கண்ணின் கருமணி, நகைகளின் புள்ளிகள், கோடுகள் ஆகியவற்றை முதலில் இட வேண்டும், உடலின் நிறம் அதன் பின்னர், பின்னணி இறுதியில். ஒருமுறை இட்ட கோட்டின்மேல் அடுத்த வண்ணம் ஏறிவிட்டால் திருத்தம் இயலாது. வலம் இடமாகும், வாளேந்திய வலக்கை இடக்கையாகத் தோன்றிவிடாதிருக்க ஓவியர் முன்கூட்டியே எண்ணிச் செயற்பட வேண்டும். முடிவைத் தொடக்கத்திலேயே அறிந்திருப்பவரால் மட்டுமே இதனைத் தீட்ட முடியும். கோயில் தெருவின் ஓவியர்கள் ஒரே உருவத்தை நூற்றுக்கணக்கான முறை தீட்டி இத்தேர்ச்சியைப் பெற்றனர்.

பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இத்தகைய கடைத்தெரு ஊடகத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கண்ணாடி ஓவியம் தொடக்கம் முதலே தெய்வங்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அரசர்களும் நவாபுகளும் ஆடல் மகளிரும் அதே பளபளப்பில், அதே சட்டகத்தில் இடம்பெற்றனர். புனிதமும் கவர்ச்சியும் ஒரே பரப்பில் மின்னிய ஊடகம் அது. சுப்பிரமணியன் அதில் தீட்டிய பெண்கள் சில வேளைகளில் தேவியராகவும், சில வேளைகளில் திரைப்படச் சுவரொட்டியின் நாயகியராகவும், பெரும்பாலும் பிற்பகலில் வீட்டில் பூனையுடன் அமர்ந்திருக்கும் பெண்களாகவும் தோன்றுகின்றனர். ஆடும் காளையும் குரங்கும் சிறகு முளைத்த ஆடவரும் அவர்களைச் சூழ்ந்துள்ளனர். கண்ணாடியுடன் அக்ரிலிக் தகட்டையும் அவர் பயன்படுத்தினார். உடையாத அத்தகடு அளவில் பெரிய ஓவியங்களுக்கு இடமளித்தது.

1987ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்தபோது, “இனாயத் கான் ஆக்ஸ்போர்டைக் காண்கிறார்” என்னும் பொருள்படும் ஓவியத்தை அவர் தீட்டினார். ஜஹாங்கீரின் அரசவையைச் சார்ந்த இனாயத் கான், அபினாலும் நோயாலும் உருக்குலைந்து இறக்கும் தறுவாயிலிருந்த நிலையை, 1618ஆம் ஆண்டையொட்டி முகலாய ஓவியர் தீட்டினர். அவ்வோவியம் பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தைச் சென்றடைந்தது. அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட அம்மனிதரை மீண்டும் கண்விழிக்கச் செய்து, தம்மைக் கொண்டுவந்து வைத்த நகரத்தைப் பார்க்கும்படி செய்கின்றார் சுப்பிரமணியன். காலனிய வரலாறு பற்றிய நெடிய விவாதம் ஒன்று, ஓர் எள்ளலுக்குள் அடங்கிவிடுகின்றது.

தொன்மம் பேசும் அரசியல்

சுப்பிரமணியனின் ஓவியங்களைக் களிப்பூட்டும் அலங்காரங்களாக மட்டும் காண்போர் உளர். அவருடைய படைப்புகளைக் காலவரிசையில் நிறுத்திப் பார்க்கும்போது இக்கருத்து நிலைக்காது.

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது அவர் “தளபதிகளும் வெற்றிச் சின்னங்களும்” என்னும் பொருள்படும் சுடுமண் புடைப்புச் சிற்பங்களைச் செய்தார். பதக்கங்கள் பூண்டு புடைத்த மார்புகள். அருகே சிதைந்த மனித உடல்கள். கிராமத்துக் காவல் தெய்வங்களுக்கு நேர்த்திக்கடனாக வைக்கப்படும் சுடுமண் உருவங்களை அறிந்தவர்களுக்கு, இத்தளபதிகள் ஒரு கொடிய திரிபாகத் தோன்றுவர். காவல் தெய்வத்தின் மண்ணிலேயே காவாதவர்களின் உருவம் வனையப்பட்டுள்ளது.

1975–77ஆம் ஆண்டுகளின் நெருக்கடிநிலை, “பேசும் முகத்தின் கதை” என்னும் பொருள்படும் நூலுக்குக் களமாயிற்று. 1989இல் வெளிவந்த அது, பார்வைக்குச் சிறுவர் கதை. அதிகாரத்தின் மயக்கத்தில் வீழும் ஆட்சியைப் பற்றிய அரசியல் நீதிக்கதை என்பது படிப்போருக்கு விரைவிலேயே புலப்படும். நேரடியாகச் சொல்லவியலாதவற்றை விலங்குகளின் வாயில் வைத்துச் சொல்வது பஞ்சதந்திரக் காலம் தொட்டு வழங்கும் உத்தியாகும். அவ்வுத்தியைப் பழங்கதை எனப் போற்றிப் பாதுகாப்பதோடு நில்லாமல், தேவை நேர்ந்தபோது பயன்படுத்தவும் செய்தார் அவர்.

1992ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் கலவரத்தில் எரிந்தது. “எரிப்பதற்கன்று இந்நகரம்” என்னும் பொருள்படும் ஓவியத்தைச் சுப்பிரமணியன் 1993இல் தீட்டினார். 1990களின் இறுதியில் “காலமற்ற போர்” என்னும் பொருள்படும் ஓவியங்களில், தேவிக்கும் அசுரனுக்கும் இடையிலான பழம்போரை மீண்டும் கையிலெடுத்தார்.

மகிடாசுர வதம் தமிழ் மாணவர்களுக்கு இரு வடிவங்களில் அறிமுகமானது. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி காட்டும் கொற்றவை, எருமைத் தலையின்மேல் நிற்பவள், போர் முடிந்துவிட்டது. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியோ போரை முடிக்கவில்லை. சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை வளைக்கும் தேவி ஒருபுறம். மனித உடலும் எருமைத் தலையுமாகக் கதையேந்திப் பின்வாங்கும் அசுரன் மறுபுறம். வெற்றி தேவியின் பக்கம் சாய்கின்றது என்பது தெரிந்தாலும், அசுரன் இன்னும் வீழவில்லை. சுப்பிரமணியனின் தலைப்பே அவர் எவ்வடிவத்தின் வழித்தோன்றல் என்பதை உணர்த்துகின்றது. முடிந்த வெற்றியைக் கொண்டாடுவோர்க்குத் தொன்மம் ஒரு கொடியாகிவிடும். முடிவுறாத போராகக் காண்போர்க்கு, அசுரன் எங்கே இருக்கின்றான் என்னும் வினா ஒவ்வொரு தலைமுறையிலும் மீண்டும் எழும்; அவன் தம்முள்ளும் இருக்கக்கூடும் என்னும் ஐயமும் எழும். சமயத்தின் பெயரால் நகரங்கள் எரிந்த பத்தாண்டில் இவ்விரண்டாம் வாசிப்பைத் தேர்ந்தமை ஓர் அரசியல் நிலைப்பாடாகும்.

இங்கே ஒரு குறையையும் சுட்டாமல் இருத்தல் முறையன்று. சுப்பிரமணியனின் ஓவியங்களில் ஆடையற்ற பெண்ணுடல் மிகுதியாக இடம்பெறுகின்றது. அவர்கள் சத்தியின் வடிவங்கள் என்று விளக்கம் தருவது எளிது. ஆனால் கடைத்தெருப் படத்தின் மொழியை ஏற்கும்போது, பெண்ணைக் காட்சிப் பொருளாக்கும் அதன் பார்வையும் உடன் வந்துவிடும் அல்லவா? அப்பார்வையை அவர் எள்ளுகின்றாரா, அதில் திளைக்கின்றாரா என்பதைச் சில ஓவியங்களில் உறுதியாகக் கூற இயலவில்லை. காட்சிமொழி ஒன்றைக் கையாள்வோர் அதன் பழிகளையும் சுமக்க நேரும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

மொழி சுருங்கும் காலம்

சுப்பிரமணியன் 1980ஆம் ஆண்டு சாந்திநிகேதனுக்குத் திரும்பி, 1989 வரை ஓவியப் பேராசிரியராகப் பணியாற்றினார். கலா பவன வளாகத்துக் கட்டடம் ஒன்றின் புறச்சுவர்களை அவர் கறுப்பு வெள்ளைச் சுவரோவியங்களால் நிரப்பினார். அவற்றின் வண்ணம் மங்கியபோது, 2009ஆம் ஆண்டு, 85ஆம் அகவையில், சாரமேறிப் புதிதாகத் தீட்டினார். தம் இறுதி ஆண்டுகளைப் பரோடாவில் கழித்து, 2016ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

அவர் தம் வாழ்வில் பெரும்பகுதியைச் செலவிட்ட பரோடா நுண்கலைப் புலத்தில், 2007ஆம் ஆண்டு மே மாதம் ஒரு நிகழ்வு நேர்ந்தது. தேர்வுக்காக வைக்கப்பட்டிருந்த மாணவர் ஒருவரின் படைப்புகளில் சமயச் சின்னங்கள் இழிவுபடுத்தப்பட்டன என்று குற்றஞ்சாட்டி, வெளியிலிருந்து வந்தோர் முறையிட, அம்மாணவர் கைது செய்யப்பட்டார். எதிர்ப்புத் தெரிவிக்கும் வகையில், இந்திய மரபிலுள்ள காதற் சிற்பங்களின் நிழற்படங்களை மாணவர்கள் காட்சிக்கு வைத்தனர். அதனை மூட மறுத்த பொறுப்புப் புலத்தலைவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.

இதற்கு முன்னரே, 1996 முதல், எம். எஃப். ஹுசைன் மீது வழக்குகள் தொடுக்கப்பட்டிருந்தன. திரைப்பட விளம்பரத் தட்டிகள் தீட்டிப் பிழைத்து உயர்ந்தவர் ஹுசைன். இராமாயண, மகாபாரத ஓவிய வரிசைகளைத் தீட்டியவர். 2008ஆம் ஆண்டு தில்லி உயர்நீதிமன்றம் அவருக்கெதிரான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. எனினும் 2006இல் நாட்டை நீங்கிய அவர் திரும்பவில்லை. 2010இல் கத்தார் நாட்டுக் குடியுரிமை பெற்று, 2011ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

இந்நிகழ்வுகளைக் கருத்துரிமைச் சிக்கலாக மட்டும் காண்பது வழக்கம். அவற்றில் வரலாற்றுச் சிக்கல் ஒன்றும் அடங்கியுள்ளது. காளிகட்டத்துப் பட்டுவா, தெய்வத்தையும் போலிச் சாமியாரையும் ஒரே நாளில் தீட்டி ஒரே பயணிக்கு விற்றார். அந்தப் பயணியின் பக்திக்கு அதனால் குறைவு நேரவில்லை. நூற்றிருபது, நூற்று முப்பது ஆண்டுகளில் அப்பயணியின் வழித்தோன்றல்கள், தெய்வ உருவம் வழிபாட்டிற்கு மட்டுமே உரியது, எள்ளலும் ஐயமும் அதனை அணுகலாகாது என்னும் நிலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர்? கலைப் பள்ளியும் அருங்காட்சியகமும் பாடத்திட்டமும் தொன்மத்தைத் தனியே எடுத்து உயரத்தில் வைத்தபோதே, அதனை ஒரு தரப்பினரின் உடைமையாக்கும் வாய்ப்பும் உருவாகிவிட்டது என்பதே நமது விடை. கல்வியாளர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு.

முடிவுரை

மேற்கண்டவற்றால், சுப்பிரமணியனின் ஓவியங்களைக் “கலவை” என்பது பொருந்தாது என்பது தெளிவாகும். ஒரு மொழியில் செந்தமிழ்ச் சொல்லும் வட்டார வழக்கும் அயற்சொல்லும் ஒரே வாக்கியத்தில் நிற்கும்போது அதனை மூன்று மொழிகளின் கலவை என்று நாம் கூறுவதில்லை. வழங்கும் மொழியின் இயல்பு அதுவே. தேவியும் பூனையும் சுவரொட்டி நாயகியும் ஒரே சட்டகத்தில் நிற்பதும் அத்தகையதே.

இம்முடிவு நமது துறைக்கும் ஒரு கடமையை உணர்த்துகின்றது. நமது பாடத்திட்டத்தில் புராணம் இலக்கியத்தின் பகுதியாகவும், நாட்டார் வழக்காறு சமூகவியலின் பகுதியாகவும், திரைப்படம் ஊடகக் கல்வியின் பகுதியாகவும் பிரிந்து கிடக்கின்றன. ஆனால் மாணவர்களின் வீடுகளில் இவை பிரிந்திருக்கவில்லை. இந்நாட்டுத் தோட்டக் கோயில்களின் முனியாண்டி, மீசையும் அரிவாளும் சுருட்டுப் படையலுமாக நின்ற தெய்வம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த காலத்தில், பல கோயில்கள் ஆகம முறைக்கு மாற்றப்பட்டன; பழைய உருவங்கள் பல நீக்கப்பட்டோ புதிதாக வண்ணம் பூசப்பட்டோ அடையாளம் மாறின. அவ்வுருவங்களை வனைந்த கைகள் எதனைக் கண்டு, எதனைக் கேட்டு வனைந்தன என்பதைக் கூறவல்ல முதியோர் குறைந்து வருகின்றனர்.

சென்ற பருவத்தில் நமது மாணவர்களிடம், தத்தம் வீட்டிலுள்ள மிகப் பழைய தெய்வப் படம் ஒன்றின் நிழற்படத்தையும் அது வீட்டிற்கு வந்த கதையையும் எழுதிக் கொண்டுவரப் பணித்தோம். வந்தவற்றுள் நாட்காட்டியிலிருந்து வெட்டிச் சட்டமிட்ட முருகன் இருந்தார். மளிகைக்கடை பெயரின் பாதி இன்னும் படத்தின் அடியில் எஞ்சியிருந்தது. “அந்தப் பெயரை ஏன் வெட்டவில்லை?” என்று கேட்டதற்கு, “அந்தக் கடைக்காரர்தான் தாத்தாவுக்குக் கடனாக அரிசி கொடுத்தவராம், அதனால் பாட்டி வெட்ட விடவில்லை” என்று அம்மாணவி விடையிறுத்தார். பக்தியும் வணிகமும் குடும்ப வரலாறும் அப்படத்தில் ஒன்றாகவே நிலைத்திருந்தன. எழுபதாண்டுகள் ஓவியம் தீட்டிய ஒரு கலைஞரின் உலகிற்குள் நுழைய, அம்மாணவிக்கு வேறு வாயில் தேவைப்படாது என்றே கருதுகின்றோம்.